தொங்கும் காலுக்கு எந்த சப்போர்ட்? நெல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சர்ஜிக்கல் கடைக்குப் போய், "அப்பாவுக்கு வாதம் வந்து காலை இழுத்து இழுத்து நடக்காவ, ஒரு பெல்ட் குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது அநேகமாகச் செருப்பு சைஸைத்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவரிடம் இருப்பது சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. ஆனால் அந்தக் கேள்வியில் தொடங்கி வாங்கிய சப்போர்ட்டுகள்தான் பல வீடுகளில் இரண்டு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுப் பரணில் கிடக்கின்றன.

வாழைத்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தார் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கம்பை ஊன்றி முட்டுக் கொடுப்போம். காலுக்கும் அப்படித்தான். பாதம் நடக்கும்போது எந்தப் பக்கம் போகிறது, முட்டி என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நோயின் பெயரும் செருப்பு சைஸும் அதற்குப் பிறகு.

இந்தக் கட்டுரை, வீட்டில் ஒருவருக்கு முதல்முறையாகக் கரண்டைக்கால் சப்போர்ட் வாங்கப் போகிறவர்களுக்கானது. மருத்துவமனையில் இதை ஏ.எஃப்.ஓ. என்பார்கள். ஊரில் காலிப்பர், ஸ்பிளின்ட், பெல்ட் என்று பல பெயர்கள். எந்தப் பெயரில் கேட்டாலும் கீழே சொல்லும் வரிசையில் போனால் காசு வீணாகாது.

கடைக்குப் போகும் முன் டாக்டர்

கால் தொங்குவது ஒரு அறிகுறி. காரணம் மூளையில் இருக்கலாம், முதுகுத் தண்டில் இருக்கலாம், முட்டிக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பில் இருக்கலாம். காரணம் தெரியாமல் சப்போர்ட் போட்டால் நடை கொஞ்சம் சரியாகத் தெரியும், நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

சில நிலைமைகளில் சப்போர்ட் பற்றி யோசிக்கவே கூடாது. திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறினால் உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. "காலையில பாத்துக்கலாம்" என்று படுக்கவைத்தால் அந்த நேரம் போய்விடும். முதுகுவலியோடு கால் தொங்கி, சிறுநீர் வராமலோ தெரியாமலோ போனால், அல்லது உட்காரும் இடம் மரத்துப்போனால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. சர்க்கரை நோயாளிக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்து, வலி மட்டும் பெரிதாக இல்லையென்றால், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்றவே விடக்கூடாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் முதலில் டாக்டர்தான்.

நம் பக்கத்தில் அடிக்கடி தவறவிடும் காரணம் இன்னொன்று உண்டு. முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு சின்ன எலும்பு முனை கையில் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது, தோலுக்கு மிக அருகில். நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலோ, குந்தியே வேலை பார்த்தாலோ அது நசுங்கும். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களும், வயலில் குந்தி வேலை செய்கிறவர்களும் "செருப்பு கழண்டு போறதே தெரியல" என்று வந்தால் இதை நினைக்க வேண்டும். உட்காரும் முறையை மாற்றினால் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நரம்பு தேறிவிடும். அவர்களுக்கு அதுவரை தடுக்கி விழாமல் இருக்க ஒரு லேசான சப்போர்ட் போதும். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய திட்டும் இருந்தால் தொழுநோயைச் சோதித்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதற்கு மருந்து இலவசம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடையைப் படம் பிடியுங்கள்

டாக்டரிடமோ சப்போர்ட் செய்பவரிடமோ போனால் அங்கே நோயாளி நன்றாக நடந்து காட்டுவார். எல்லோரும் அப்படித்தான், பார்க்க ஆள் இருந்தால் நடை ஒரு படி நன்றாகிவிடும். அதனால் வீட்டில் சாதாரணமாக நடப்பதை செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள். வேட்டியையோ சேலையையோ முட்டி தெரியும் அளவுக்கு ஏற்றிவிட்டு, வெறுங்காலோடு, பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்பக்கத்திலிருந்து ஒன்று. பத்துப் பதினைந்து அடி போதும். விழுந்துவிடாமல் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

பிறகு அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள்.

காலை முன்னால் வீசும்போது விரல் நுனி தரையில் உரசுகிறதா? உரசாமல் இருக்க முட்டியை அளவுக்கு மேல் தூக்கி வைக்கிறாரா? பழைய செருப்பை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், எந்த இடம் தேய்ந்திருக்கிறதோ அதுவே பாதி பதில் சொல்லும்.

பாதம் ஊன்றும்போது உள்பக்கம் திரும்பி, வெளி விளிம்பில் விழுகிறதா? பக்கவாதத்தில் இது சாதாரணம். தொங்கும் காலுக்கான மெல்லிய சப்போர்ட் இந்தத் திருகலைத் தாங்காது.

எடை அந்தக் காலில் இறங்கும்போது முட்டி பின்பக்கம் வளைந்து 'டக்' என்று பூட்டிக்கொள்கிறதா, இல்லை முன்னால் மடங்கிக் கவிழப் பார்க்கிறதா? கடையில் யாரும் கேட்காத கேள்வி இதுதான். என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். கரண்டையில் போடும் சப்போர்ட் முட்டியையும் ஆட்டிவைக்கும். விறைப்பான சப்போர்ட்டில் பாதம் கொஞ்சம் கீழ்நோக்கி இருந்தால் முட்டி பின்னால் தள்ளப்படும், மேல்நோக்கி இருந்தால் முன்னால் மடங்கும். கோணத்தில் சிறு மாற்றம் செய்தாலே நடை மாறிவிடும்.

அடுத்து அவரை உட்கார வைத்து, முட்டியை நீட்டச் சொல்லி, பாதத்தின் முன்பகுதியை மெதுவாக மேலே தள்ளிப் பாருங்கள். காலுக்கும் பாதத்துக்கும் இடையில் 'ட' எழுத்துப் போல செங்கோணம் வருகிறதா? வரவில்லை என்றால் குதிங்கால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநார் இறுகியிருக்கிறது. இறுகிய காலை சப்போர்ட்டுக்குள் பலவந்தமாக அமுக்கினால் குதிங்கால் மேலே எழும்பும், தோல் கிழியும், நடுப்பாதம் வளையும். முதலில் பயிற்சி, தொடர் மாவுக்கட்டு, தேவைப்பட்டால் ஊசி என்று இறுக்கத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். அதுவும் முடியாவிட்டால் இருக்கிற கோணத்துக்கே சப்போர்ட் செய்து, குதிங்காலுக்கு அடியில் கட்டை வைப்பார்கள்.

கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் பாதத்தைத் தொடுங்கள். தெரிகிறதா? காலையிலும் மாலையிலும் கால் வீக்கம் எவ்வளவு மாறுகிறது? பட்டியை மாட்ட இரண்டு கையும் வேலை செய்கிறதா, ஒரு கைதானா? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், அந்தத் தாள் அதைப் பதினைந்து நிமிடமாக்கும்.

எந்த நடைக்கு எது

முதலில், எதை வாங்கக் கூடாது என்பது. துணிக்கடை சாக்ஸ் போல இழுத்து மாட்டும் இலாஸ்டிக் ஆங்க்லெட் பாதத்தைத் தூக்காது. லேசான வலிக்கும் சிறு வீக்கத்துக்கும் கொஞ்சம் பிடிமானம் தரும், அவ்வளவுதான். பக்கவாதம் வந்தவருக்கு இதை வாங்கி மாட்டிவிட்டு "சப்போர்ட் போட்டும் சரியாகல" என்பது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

கால் பிசகியவர்களுக்கு, அதாவது கரண்டை வெளிப்பக்கம் மடங்கிச் சுளுக்கியவர்களுக்கு, இரண்டு பக்கமும் தகடு வைத்த வகையோ கயிறு கட்டும் வகையோ சரி. பக்கவாட்டில் மடங்காமல் பிடிக்கும், மேலும் கீழும் அசையவிடும். ஆனால் அடிபட்ட உடனேயே நாலடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால், அல்லது கரண்டை எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால், சப்போர்ட் வாங்கும் முன் எக்ஸ்ரே எடுங்கள்.

பாதம் தொங்குகிறது, ஆனால் தசையில் விறைப்பு இல்லை, பக்கவாட்டில் திருகவில்லை, முட்டி ஒழுங்காக இருக்கிறது என்றால் லேசான வகைகள் போதும். கரண்டையில் ஒரு பட்டையும், அதிலிருந்து ஷூவின் நாடாவில் கொக்கி மாட்டித் தூக்கும் ரப்பர் பட்டியும் உள்ள மெத்தென்ற வகை ஒன்று. கெண்டைக்காலுக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையாக இறங்கி அடிப்பாதத்துக்குள் போகும் வகை இன்னொன்று, லீஃப் ஸ்பிரிங் என்பார்கள். கார்பன் ஃபைபரில் செய்தது எடை குறைவு, அடியெடுத்து வைக்கும்போது கொஞ்சம் உந்தியும் விடும். விலைதான் பல மடங்கு. நாள் முழுக்க வெளியே நடமாடுகிற, நிலைமை மாறாது என்று உறுதியான ஒருவருக்கு அது பொருத்தம். வாதம் வந்து ஒரு மாதம் ஆனவருக்கு அதை வாங்கித் தருவதை நான் தடுத்துத்தான் சொல்வேன். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் தேறுதல் வேகமாக இருக்கும், அந்தக் காலத்துக்குள் தேவையே மாறிவிடலாம்.

பாதம் உள்பக்கம் திரும்புகிறது, விறைப்பு இருக்கிறது என்றால் விறைப்பான ஏ.எஃப்.ஓ. வேண்டும். இதில் ஒரு சின்ன அடையாளம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கின் விளிம்பு கரண்டை எலும்புக்குப் பின்னால் வெட்டப்பட்டிருந்தால் அது வளையும் வகை. எலும்பை மூடி முன்பக்கம் வரை வந்திருந்தால் வளையாத வகை. கடையில் இரண்டும் ஒரே வெள்ளை நிறத்தில் ஒரே அலமாரியில் இருக்கும், விளிம்பைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கரண்டையில் கீல் வைத்த ஏ.எஃப்.ஓ. உண்டு. பாதம் கீழே தொங்காமல் ஒரு தடுப்பு இருக்கும், மேல்நோக்கி அசையவிடும். நாற்காலியிலிருந்து எழ, மாடிப்படி ஏற, சரிவில் நடக்க இது வசதி. முட்டி பின்னால் பூட்டிக்கொள்கிறவர்களுக்கும் அந்தத் தடுப்பு உதவும். ஆனால் குதிங்கால் நரம்பு இறுகியிருந்தால் கீல் வேலை செய்யாது, அதற்குப் பதிலாக நடுப்பாதம் உடைந்து வளையத் தொடங்கும். குழந்தைகளில் இதைக் கவனிக்காமல் விட்டால் பாதம் தட்டையாகிவிடும்.

முட்டி முன்னால் மடங்குகிறவர்களுக்கு, குறிப்பாகக் குனிந்தாற்போல் நடக்கும் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு, முன்பக்கம் மூடிய வகை உண்டு. முட்டிக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பின் மேல் பிளாஸ்டிக் வந்து, தரை கொடுக்கும் எதிர்விசையால் முட்டியை நிமிர்த்தும். முட்டியைக் கையால் நிமிர்த்தினால் நிமிர வேண்டும், அப்போதுதான் இது பலிக்கும்.

இளம்பிள்ளைவாதம் வந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார், 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் பலர் இப்போது நடுவயதைத் தாண்டி, தேய்ந்த மூட்டோடும் களைப்போடும் மறுபடி வருகிறார்கள். அவர்களில் பலர் தொடையில் கை ஊன்றி நடப்பவர்கள். சிலருக்குக் குதிங்கால் தரையில் படாது. பார்த்ததும் அதைச் சரிசெய்யத் தோன்றும். ஆனால் தொடைத் தசை பலமில்லாத அந்தக் காலில், பாதம் கொஞ்சம் கீழ்நோக்கி இருப்பதுதான் முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டி அவரை நிற்க வைக்கிறது. அதை நேராக்கி ஒரு ஏ.எஃப்.ஓ. மாட்டினால் அவர் அன்றைக்கே விழுவார். இவர்களுக்கு முட்டிக்கும் சேர்த்து வரும் நீளமான காலிப்பர் தேவையா என்பதை அனுபவம் உள்ளவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாற்பது வருடமாக இரும்புக் காலிப்பரோடு நன்றாக நடப்பவரிடம் "புது மாடல் வந்திருக்கு" என்று பிளாஸ்டிக்கைத் திணிக்க வேண்டாம்.

உணர்ச்சி இல்லாத சர்க்கரை நோய்ப் பாதத்துக்கு ரெடிமேட் விறைப்பு சப்போர்ட் ஆபத்து. உரசினாலும் அவருக்குத் தெரியாது. உள்ளே மெத்தை வைத்து அளவெடுத்துச் செய்தது வேண்டும், கூடவே எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு. வீக்கம் காலைக்கும் மாலைக்கும் நிறைய மாறுகிறவர்களுக்கு, ஷூவில் பொருத்திய பழைய இரும்புக் கம்பி வகையே நல்லது. பிளாஸ்டிக் காலோடு ஒட்டி இருப்பதால் மாலையில் இறுக்கும்.

படுக்கையில் இருப்பவர்களுக்குக் குதிங்காலை மிதக்க வைக்கும் மெத்தை பூட்ஸ் தனி. அதைப் போட்டுக்கொண்டு நடக்க முயலக் கூடாது. பிறவி வளைபாதக் குழந்தைகளுக்கு மாவுக்கட்டு முடிந்தபின் போடும், இரண்டு ஷூவை ஒரு கம்பியில் இணைத்த சாதனமும் இந்தக் கணக்கில் வராது. அதை முதல் மூன்று மாதம் நாளைக்கு 23 மணி நேரமும், அப்புறம் நாலு வயது வரையாவது தூங்கும்போதும் போட வேண்டும். குழந்தை அழுகிறது என்று ஆச்சி இரக்கப்பட்டுக் கழற்றிவிடுவதால் திரும்ப வளைந்த கால்கள் எத்தனையோ.

ரெடிமேடா, அளவெடுத்தா

தற்காலிகத் தேவை, விறைப்பில்லை, உணர்ச்சி இருக்கிறது, பாதத்தின் வடிவம் சாதாரணமாக இருக்கிறது என்றால் ரெடிமேட் போதும். இடது வலது சரிபார்த்து, நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய், மாட்டி நடந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பி எடுப்பார்களா என்று பாருங்கள்.

மற்றவர்களுக்கு அளவெடுத்துச் செய்வதே சரி. பாதத்தைச் சரியான கோணத்தில் பிடித்து மாவுக்கட்டு சுற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் மாவு ஊற்றி ஒரு கால் உருவம் செய்து, எலும்பு துருத்தும் இடங்களில் கொஞ்சம் மேடு ஏற்றுவார்கள். பாலிப்ரொப்பிலீன் தகட்டை அடுப்பில் இளக்கி அதன் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்ட வைத்து, ஆறியதும் வெட்டுவார்கள். மாவு சுற்றும் அந்தச் சில நிமிடங்கள்தான் முக்கியம். பாதத்தைக் கையால் சரியான நிலையில் பிடிக்காமல், தொங்கியபடியே அச்சு எடுத்தால் சப்போர்ட்டும் தொங்கிய கோணத்திலேயே வரும். பக்கத்தில் இருந்து பாருங்கள், கேளுங்கள்.

செய்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தத் தொழிலுக்குப் பதிவு வேண்டும். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "மாட்டிப் பார்த்த பிறகு சரிசெய்து தருவீங்களா, அதுக்குத் தனிக் காசா?" முதல் தடவையிலேயே பொருந்திவிடும் சப்போர்ட் அபூர்வம். திருத்தித் தர மாட்டேன் என்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

எங்கே போவது, செலவுக்கு என்ன வழி

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல், எலும்பு மருத்துவப் பிரிவுகளில் காட்டித் தொடங்கலாம். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குழந்தைகளுக்கான பயிற்சியிலும் சாதனங்களிலும் அங்கே நீண்ட அனுபவம் உண்டு.

அரசு உதவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டதால், சங்கரன்கோவில்காரர் கொக்கிரகுளத்துக்கு வந்து அலைய வேண்டியதில்லை, தென்காசியிலேயே மனு கொடுக்கலாம். ஊனச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும்தான் எல்லாவற்றுக்கும் சாவி. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் மத்திய அரசின் அடிப் திட்டத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டு, சாதனம் கிடைக்கும். பொதுவாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை, சிறு குழந்தைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை. கான்பூர் அலிம்கோ நிறுவனம் நடத்தும் முகாம்கள் பற்றியும் அந்த அலுவலகத்தில்தான் தெரியும். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, வருமானச் சான்று, மருத்துவச் சீட்டு எல்லாவற்றிலும் நகல் எடுத்து ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். மனு நகராமல் நின்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாள் இருக்கிறது.

வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

செருப்பு பாதி, சப்போர்ட் பாதி

ஏ.எஃப்.ஓ. தனியாக நடக்காது, ஷூவோடு சேர்ந்துதான் நடக்கும். ரப்பர் செருப்போடு சரிவராது. பின்பக்கம் பட்டி உள்ள, வாய் அகலமாகத் திறக்கும், வெல்க்ரோ ஒட்டும் ஷூவோ சாண்டலோ வேண்டும். உள்ளே இருக்கும் மெத்தையை எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது, சப்போர்ட்டுக்கு இடம் கிடைக்கும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, அடுத்த காலில் மெத்தை போட்டு உயரத்தைச் சமப்படுத்துங்கள். சப்போர்ட் செய்யக் கொடுக்கும்போதே அந்த ஷூவையும் கொண்டுபோக வேண்டும். காரணம் குதி உயரம். ஒரு உயரத்துக்குச் செய்த சப்போர்ட்டை அதிகக் குதி உள்ள ஷூவில் போட்டால் முட்டி மடங்கும், தட்டையானதில் போட்டால் பின்னால் போகும்.

நம் வீடுகளில் ஷூ வாசலோடு சரி. வழுவழு டைல்ஸில் வெறும் பிளாஸ்டிக்கோடு நடந்தால் வழுக்கும். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஷூ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சப்போர்ட்டின் அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும் முன் செய்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, உயரம் மாறும்.

கோயிலுக்குப் போவது பற்றியும் கேட்பார்கள். நெல்லையப்பர் கோயில் போன்ற பெரிய பிரகாரத்தைச் சப்போர்ட் இல்லாமல் சுற்ற நினைத்தால் களைத்து விழுவார்கள். சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள் உச்சிவெயிலில் கல்தளத்தில் வெறுங்காலோடு நிற்கவே கூடாது. சுட்டது தெரியாமல் கொப்புளம் வந்து, மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்த கால்கள் உண்டு. ஆனித் தேரோட்டத்து அன்றைக்கு வேண்டவே வேண்டாம், சப்போர்ட் இருந்தாலும் அந்த நெரிசல் தாங்காது. குற்றாலத்திலும் ஆற்றிலும் சப்போர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள உட்கார்ந்து குளிப்பதுதான் வழி.

மாட்டுவதும் பழகுவதும்

முட்டி வரை வரும் பருத்தி சாக்ஸ், சுருக்கம் இல்லாமல். சப்போர்ட்டைவிடச் சாக்ஸ் உயரமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து, முட்டியை மடக்கி, குதிங்காலை முதலில் பின்னால் தள்ளி உட்கார வையுங்கள். கரண்டைப் பட்டியை முதலில் இறுக்க வேண்டும், கெண்டைக்கால் பட்டி அப்புறம். குதிங்கால் சரியாக உட்காரவில்லை என்றால் மற்ற எல்லாமே தப்பாகிவிடும். ஒரு கை மட்டும் வேலை செய்கிறவருக்கு, அந்தக் கை எளிதாக இழுக்கும் திசையில் பட்டியை வைத்துத் தரச் சொல்லுங்கள்.

மேல் விளிம்பு, முன்பு சொன்ன அந்த எலும்பு முனைக்கு இரண்டு விரற்கடையாவது கீழே நிற்க வேண்டும். நரம்பை அமுக்கினால், கால் தொங்குவதற்காகப் போட்ட சப்போர்ட்டே கால் தொங்கக் காரணமாகிவிடும்.

முதல் நாள் அரை மணி, ஒரு மணி நேரம் போதும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். கரண்டை எலும்பின் இரு பக்கம், சுண்டுவிரல் பக்க மேடு, குதிங்கால், மேல் விளிம்பு இந்த இடங்களில் சிவப்பு இருக்கும். அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால், கொப்புளம் இருந்தால், அதைப் போடுவதை நிறுத்திவிட்டுச் செய்தவரிடம் கொண்டுபோங்கள். வெப்பக் காற்று காட்டி அந்த இடத்தை மட்டும் புடைக்க வைக்க முடியும். பஞ்சை அடைத்துச் சமாளிக்காதீர்கள், அழுத்தம் கூடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, ஓரிரு வாரத்தில் பகல் முழுக்கப் போடலாம். உணர்ச்சி இல்லாதவர்களுக்கு இதைவிட மெதுவாக.

மாட்டும் முன் தைலம் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். சப்போர்ட்டுக்குள் அது தோலைப் பொரித்துவிடும். ராத்திரி கழற்றிய பிறகு தேய்க்கலாம்.

"இதைப் போட்டா கால் பலம் போயிரும்" என்று சொல்லிக் கழற்றிவிடும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். சப்போர்ட் பயிற்சிக்கு மாற்று இல்லை, அது உண்மைதான். பயிற்சியை விடாமல் செய்யுங்கள். ஆனால் சப்போர்ட் இல்லாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பயிற்சி செய்யவே கால் இருக்காது. வலது காலில் ஏ.எஃப்.ஓ. போட்டவர் டாக்டரைக் கேட்காமல் காரோ பைக்கோ ஓட்டக் கூடாது, பிரேக்கில் அழுத்தம் சரியாக விழாது.

பராமரிப்பு, மறுபடி காட்டுவது

சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காய வையுங்கள். கத்திரி வெயிலில் மொட்டைமாடியிலோ, பூட்டிய காரிலோ, அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்க வேண்டாம். ஒட்டியவை கழலும், சில வகைப் பிளாஸ்டிக் கோணலாகும். வெல்க்ரோவில் சேரும் நூலைப் பழைய சீப்பால் எடுத்தால் மறுபடி ஒட்டும். சாரல் காலத்தில் சாக்ஸ் காயாது, நாலைந்து ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தோடு மாட்டினால் விரலிடுக்கில் புண் வரும். கரண்டை வளைவில் வெள்ளைக் கோடு போல விரிசல் தெரிந்தால் அது உடையப் போகிறது என்று அர்த்தம்.

குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும். வளர வளர விரல் வெளியே போகும், பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்று புதிதாகத் தேவைப்படும். பெரியவர்களுக்கு நடை மாறினாலோ, எடை கூடிக் குறைந்தாலோ, முட்டியோ இடுப்போ புதிதாக வலித்தாலோ காட்டுங்கள். போகும்போது சப்போர்ட், தினமும் போடும் ஷூ, சாக்ஸ், முதலில் எடுத்த வீடியோ நாலும் கையில் இருக்கட்டும்.

புதியது வந்ததும் பழையதை உடனே தூக்கிப் போடாதீர்கள். பட்டி அறுந்து ரிப்பேருக்குக் கொடுக்கும் நாட்களில் உதவும். பக்கத்துத் தெரு அண்ணாச்சிக்கும் வாதம் என்று அதை அவருக்குக் கொடுப்பதாக இருந்தால், ரெடிமேட் வகை என்றால் அவர் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடட்டும். அச்செடுத்துச் செய்தது இன்னொரு காலுக்கு ஆகாது.